நீளவீட்டைச் சுத்தம் பண்ணின வருஷம்

செருப்பை எதுக்குங்க மேடம் கழட்டுறீங்க? போட்டுக்குங்க, போட்டுக்குங்க. உள்ள அட்டைதான் இருக்கு. இந்த மழைக்கு விரல் இடுக்குல ஏறி உக்காந்துக்கும். அப்புறம் ரத்தம் நிக்கல, உப்பு இருக்கா, மஞ்சள் இருக்கான்னு என்கிட்டத்தான் வந்து நிப்பீங்க. போன வாரம் காலேஜ் பிள்ளைங்க ஒரு கோஷ்டி வந்துச்சு. இதே மாதிரி கேட்டு வாசல்லயே செருப்பைக் கழட்டி, நெஞ்சுல கையை வெச்சு, கண்ணை மூடி நிக்குதுங்க. "அண்ணா, இங்க ஒரு அதிர்வு தெரியுது"ன்னு ஒரு பொண்ணு சொல்லுது. கீழ ரோடு போடப் பாறைக்கு வெடி வெக்கிறாங்கம்மான்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு.

மழை விடட்டும், உக்காருங்க. அரை மணி நேரம் ஆகும். அந்தப் பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வாங்க.

புஸ்தகத்துல போட்டிருக்கா? இன்னிக்கும் மலைச்சனம் வந்து கும்பிடுற ஊருன்னா? எழுதினவரு எப்ப வந்தாராம்? இல்ல, வந்தாரா? வந்து பதினாறு வருஷமாச்சு அவனுக. மழைக்குப் பயந்த குருவிகூட வந்து உக்காருது, அவனுக வர்றதில்ல. எதுக்கு வரணும்? வராம இருக்கிறதே நல்லது. சுத்தமா இருக்கு பாருங்க.

நானா? என் பேரு மகேந்திரன். இங்க வாட்ச்மேன், பதினாறு வருஷ சர்வீஸ். வீட்டுல வெச்ச பேரு மசணன். அடிவாரத்து ஹாஸ்டல்ல சேத்துவிட்டப்ப வாத்தியாரு மாத்தினாரு. மசணன்னு கூப்பிட்டா எனக்கே நாய்க்குட்டியைக் கூப்பிடுற மாதிரி இருக்கும். நல்ல மனுசன், மாத்தினாரு.

ஆமாங்க, நானும் அந்தச் சனத்துல பொறந்தவன்தான். பாத்தீங்களா, உங்க கண்ணு எப்படி விரியுது! இதைச் சொன்னா எல்லாருக்கும் இப்படித்தான் விரியும். அதுவரைக்கும் "ஏம்ப்பா, தண்ணி எங்க இருக்கு"ன்னு கேட்டவங்க, உடனே "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு வருவாங்க. சட்டையைக் கழட்டிட்டு நிக்கச் சொன்னாரு ஒருத்தரு. கவர்மென்ட் யூனிபாரம் சார், கழட்டக் கூடாதுன்னேன்.

பத்தாவது வரைக்கும் படிச்சேன். எங்க பதியிலயே, அதாவது எங்க குடியிருப்பைப் பதின்னு சொல்லுவாங்க, அங்கயே பத்தாவது தொட்டவன் நான் ஒருத்தன்தான். மத்தவனுக தேனெடுக்கப் போவானுக, கிழங்கு தோண்டப் போவானுக. வந்து உக்காந்தானுகன்னா இந்த மூத்தூரைப் பத்திப் பேச்சு. மூத்தூரு எங்களுது, மூத்தூரை எங்க ஆளுங்க கட்டினாங்க. நாலு தெரு, எழுபத்தஞ்சு கல்லுவீடு, ஒரு குளம். இதைக் கட்டினவனோட வாரிசு தகரக் கூரை ஒழுகுற வீட்டுல கிடக்கிறான். ஏண்டா, உங்க பாட்டன் மலை மேல ஊரே கட்டினான்னா உனக்கு ஒரு சுவரு நேரா வெக்கத் தெரியலையேன்னு கேப்பேன். கோபம் வராது. சிரிப்பானுக. கோபம்கூட வராத சனம் அது.

வர்றவங்க மட்டும் என்ன வாழுது? ஒரு பேராசிரியரு வருவாரு, ரெண்டாயிரம் வருஷங்கிறாரு. அடுத்த மாசம் இன்னொருத்தரு வந்து, அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது, ஆயிரம் வருஷங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க.

கடைசித் தெருவுல ஒரு வீடு மட்டும் நீளமா இருக்கும், பாப்பீங்க. அதுக்கு மட்டும் பலகைக்கல்லுல கூரை உண்டு. நீளவீடும்பாங்க. எங்க சனத்துல யாராவது செத்துட்டா, புதைச்சு முடிச்சு, கீழ ஆத்துக்குப் போய் உருண்டையா ஒரு கல்லு எடுப்பாங்க. கழுவி, மடியில கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் மலை ஏறி, இந்த நீளவீட்டுல கொண்டாந்து வெப்பாங்க. வெச்சாத்தான் அந்த ஆளு வீடு போய்ச் சேந்ததா கணக்கு. அதுல பேரு எழுதமாட்டாங்க, பொட்டு வெக்கமாட்டாங்க. எது யாருன்னு வெச்சவங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். வருஷா வருஷம் முதல் மழை முடிஞ்சு எல்லாரும் வந்து, சாமைச் சோறும் தேனும் வெச்சு, கல்லுகிட்ட உக்காந்து பேசுவாங்க. சாமி கும்பிடுற மாதிரியெல்லாம் இல்ல. சும்மா ஊர்க்கதை. பலா காய்க்கல, மருமக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, யானை சுவத்தைத் தள்ளிருச்சு. கல்லுகிட்ட! நான் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்து இதைப் பாக்குறப்ப எனக்கு வெக்கமா இருக்கும். என்கூடப் படிக்கிற பசங்க யாராவது பாத்துருவாங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாப்பேன். காட்டுக்குள்ள யாரு வரப்போறா? இருந்தாலும் பாப்பேன்.

எங்கம்மாவுக்கு நான்தான் கல்லு வெச்சேன். பதினாலு வயசு அப்ப. தங்கச்சி நஞ்சி சின்னப்பிள்ளை. அவதான் ஆத்துல அந்தக் கல்லைத் தேடி எடுத்தா, சுத்திலும் வெள்ளைக்கோடு ஓடுற கல்லு. நான் மடியில கட்டிட்டு ஏறினேன். அழுதேனான்னு கேக்காதீங்க. விவரம் தெரியாத வயசு.

அப்புறம் தொல்லியல் டிபார்ட்மென்ட்டு வந்துச்சு, வேலி போட்டுச்சு, போர்டு வெச்சுச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச உள்ளூர் ஆளு வேணும்னாங்க. நான் ஒருத்தன்தானே இருக்கேன்! சட்டை, பேன்ட்டு, தொப்பி, விசிலு. வேலையைப் பாத்துக்கிட்டது தியாகேசன்னு ஒரு எஞ்சினீயரு. பழங்காலம் படிச்சவரு இல்ல, கட்டடம் படிச்சவரு. முதல் நாளே "உக்காருய்யா"ன்னு நாற்காலியைக் காட்டினாரு. அதுக்கு முன்னாடி எந்த ஆபீஸுலயும் என்னை யாரும் உக்காரச் சொன்னதில்ல. "காட்டுல பொறந்தாலும் நீ விவரமான ஆளு மகேந்திரா"ன்னாரு.

அந்த வருஷம் ஆடியில பெரிய அதிகாரி ஒருத்தரு வந்து ஊரைத் திறந்துவெக்கிறதா ஏற்பாடு. வைகாசியிலயே சுத்தம் பண்ற வேலை ஆரம்பிச்சாச்சு. தியாகேசன் சார் நீளவீட்டுக்குள்ள குனிஞ்சு பாத்தாரு. டார்ச் அடிச்சாரு. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், முழங்கால் உசரத்துக்குக் கல்லு.

"என்னய்யா இது, இத்தனை கூழாங்கல்லு?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க மேடம். "சார், இதெல்லாம் செத்துப்போனவங்க, அந்தா மூலையில இருக்கிறது எங்கம்மா"ன்னு சொல்லணுமா? புதுச் சட்டையோட மடிப்புகூடக் கலையல அப்ப. விவரமான ஆளுன்னு சொன்ன வாய் என்ன சொல்லும்?

"வெள்ளத்துல வந்திருக்கும் சார்"ன்னேன்.

"மலை உச்சிக்கா?"

"அந்தக் காலத்து வெள்ளம்ங்க சார்."

சிரிச்சாரு. நம்பினாரோ இல்லையோ, அவருக்கு வேலை முடியணும். கேட்டுல இருந்து இந்த டிக்கெட் ரூம் வரைக்கும் அப்ப மழை பெஞ்சா ஒரே சேறு. "நல்லதாப் போச்சு, அள்ளிப் பாதையில கொட்டி ரோலரை ஓட்டச் சொல்லு"ன்னாரு. கீழ இருந்து நாலு ஆளைக் கூட்டிட்டு வந்தேன். வேலைக்காரனுகளா அவனுக? கூடையை நிரப்பாம பாதி பாதியாத் தூக்கிட்டு, பீடி குடிக்க உக்காந்துக்குவானுக. ரெண்டு நாள்ல முடிக்க வேண்டியது நாலு நாளாச்சு. அந்த மூலையை மட்டும் நானே அள்ளினேன். இருட்டு மூலை, அவனுக சரியா அள்ளமாட்டானுக, அதுக்காகத்தான்.

வெள்ளைக்கோட்டுக் கல்லை மட்டும் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். ரிஜிஸ்டர் பக்கம் காத்துக்குப் படபடன்னு அடிக்குது, மேல வெக்கலாம்னு. எடை சரியா இருந்துச்சு.

வேலை முடிஞ்சு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டோம். நீளவீடு பளிச்சுன்னு ஆயிருச்சு. சார் என் தோளைத் தட்டினாரு.

முதல் மழை விழுந்த நாலாம் நாள் வந்துட்டானுக. எங்க பதி மூப்பன் ரங்கன் முன்னால, பின்னால அறுபது எழுபது பேரு. பாத்திரத்துல சோறு, சுரைக்குடுக்கையில தேனு. கேட்டுல நின்னுட்டானுக. வேலிங்கிறதே புதுசு. நான் தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு, "டிக்கெட் வாங்கணும்"ன்னேன். ரங்கன் மூப்பன் என் தொப்பியையே பாத்தாரு. "எங்க வீட்டுக்கா மசணா?"ன்னாரு. குரல் உசத்தல. அந்தாளு எப்பவுமே குரல் உசத்தமாட்டாரு, அதுதான் எனக்குப் பிடிக்காது. சார் உள்ள இருந்து, "பரவாயில்ல, பத்து நிமிஷம் விடு"ன்னு கையைக் காட்டினாரு. விட்டேன்.

பத்து நிமிஷம்கூட ஆகல. போனவனுக திரும்பி வந்துட்டானுக. ஒரு கூச்சல் இல்ல, ஒப்பாரி இல்ல. நஞ்சிதான் முதல்ல என்கிட்ட வந்தா. ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்கு ஒரு குழந்தை, பொட்டப்பிள்ளை, பேரு வெக்கிறதுக்குள்ள காய்ச்சல்ல போயிருச்சு. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கல்லு வெச்சிருந்தா.

"அண்ணா, எல்லாரும் எங்கண்ணா?"

எல்லாரும் எங்கயாம்! கல்லு எங்கன்னு கேக்கத் தெரியல பாருங்க.

நான் சொல்ல வேண்டியதே வரல. ரங்கன் மூப்பன் நின்னுக்கிட்டிருந்தது அந்தப் பாதை மேலதான். குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, காலைத் தூக்கி ஓரத்து முள்ளுல வெச்சாரு. நெருப்பை மிதிச்ச மாதிரி. ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. அத்தனை பேரும் வெறுங்காலோட முள்ளுல நிக்கிறாங்க, நடுவுல நல்ல பாதை காலியாக் கிடக்கு. அப்புறம் ஓரத்துல குத்தவெச்சு உக்காந்து, கிழங்கு தோண்டுற குச்சியால கல்லை நெம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

சார் ஓடிவந்தாரு. "என்னய்யா பண்றாங்க? நிறுத்தச் சொல்லு!"

நான் போய் நஞ்சி கையைப் பிடிச்சேன். "கவர்மென்ட் சொத்து, கீழ போடு."

அவ கையில ஒரு கல்லு, சேத்தோட. முந்தானையில துடைச்சுக்கிட்டே கேக்குறா, "அம்மா எங்கண்ணா? வெள்ளைக்கோடு போட்டிருக்குமே. நீதானே வெச்ச?"

"எனக்கெப்படித் தெரியும்? கல்லுன்னா கல்லு. எல்லாம் ஒண்ணுதான்"ன்னேன்.

பையில இருந்துச்சு. அப்ப, அந்த நேரம், என் சட்டைப்பையில இருந்துச்சு. எடுத்து நீட்டியிருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. சார் பக்கத்துல நிக்கிறாரே! வெள்ளத்துல வந்த கல்லு எங்கம்மான்னு எப்படிங்க நீட்டுறது?

ரங்கன் மூப்பன் எந்திரிச்சு வந்து சார்கிட்டப் பேசினாரு. அரைகுறைத் தமிழு, வார்த்தைக்கு வார்த்தை நின்னு நின்னு. என்ன கல்லு, எதுக்கு வெக்கிறது, எத்தனை தலைமுறையா வெக்கிறதுன்னு. சார் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பாதை நடுவுல பூட்ஸோட நின்னுக்கிட்டிருந்தாரு. கீழ பாத்தாரு. ஒரே தாவுல அவரும் முள்ளுக்குள்ள குதிச்சாரு. அவ்வளவு படிச்ச மனுசன், எம்.இ. பட்டம், முள்ளுக்குள்ள நின்னு பூட்ஸைக் கழட்டுறாரு. எனக்கு அவரு மேல இருந்த மரியாதை அன்னிக்கே போச்சு.

"உனக்குத் தெரியுமாய்யா இது?"ன்னு கேட்டாரு.

நான் தொப்பியைச் சரிபண்ணினேன்.

"கேட்டேனேய்யா உன்கிட்ட. கேட்டேனே."

அதுக்கப்புறம் அவரு என்னை உக்காரச் சொன்னதே இல்ல. பழியை யாரு மேலயாவது போடணும்ல?

மூணு நாள் பொறுக்கினாங்க. மழை விட்டு விட்டுப் பெய்யுது, நனைஞ்சுக்கிட்டே பொறுக்கினாங்க. சாரும் கூட உக்காந்து பொறுக்கினாரு, அது ஒரு கூத்து. ஒவ்வொருத்தரும் ஒரு கல்லைத் தொட்டதும் நிறுத்துவாங்க. கையில வெச்சு உருட்டிப் பாத்து, "பெரியப்பா" அப்படின்னு மெல்லச் சொல்லி, கழுவிக் கூடையில வெப்பாங்க. யாருன்னு தெரியாத பழைய கல்லையெல்லாம் தனியாக் குவிச்சு, அதையும் கழுவினாங்க. நஞ்சி அவ குழந்தையோடதை ரெண்டாம் நாளே எடுத்துட்டா. எடுத்தவ வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகல. கேட்டுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு தடவை பாதை முழுக்கத் தேடிட்டா. மூணாவது தடவையும் கேட்டு வாசல்ல போய் உக்காந்தா. விரல் நகமெல்லாம் பேந்துபோச்சு.

எனக்கு வேலை கெடுதுங்க. ஆடிக்கு அதிகாரி வரணும், பாதையை மூடணும். இவ தேடிக்கிட்டே இருந்தா என்னிக்கு மூடுறது? அதனால ஒரு காரியம் பண்ணினேன். மழை கொஞ்சம் ஓஞ்ச நேரம், அவளுக்கு முன்னால ரெண்டடி தள்ளி நடந்து போற மாதிரி போய், பையில இருந்ததை எடுத்துச் சேத்துல போட்டுட்டு வந்துட்டேன். யாரும் பாக்கல. விவரமான வேலைதானே?

கை வெச்சதுமே எடுத்துட்டா. நான் டிக்கெட் ரூம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். கும்பிடுவா, அழுவா, ஓடிவந்து "அண்ணா, அம்மா கிடைச்சுட்டாங்க"ம்பான்னு இருந்தேன். அவ அப்படியே கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கன்னத்துல வெச்சுப் பாத்தா. பக்கத்துல கிடந்த இன்னொரு கல்லை எடுத்து அதையும் கன்னத்துல வெச்சுப் பாத்தா. திரும்ப இதை. அப்புறம் எந்திரிச்சு மெல்ல என்கிட்ட வந்தா.

"சூடா இருக்குதுங்க சார்"ன்னா.

எனக்கு முதல்ல புரியல. கல்லைத்தான் சொல்றா. மூணு நாள் மழையில ஊரே சில்லுன்னு கிடக்கு, இது மட்டும் சூடா இருக்காம். என் பையில கிடந்ததுல சூடு ஏறியிருக்கும், அதுல என்ன அதிசயம்? அவ கல்லை மடியில கட்டிட்டுப் போயிட்டா.

கவனிச்சீங்களா மேடம்? சார்னு சொன்னா. கூடப் பொறந்தவ. அன்னிக்குத்தான் முதல் தடவை.

எல்லாக் கல்லையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீளவீட்டுல திரும்ப வைங்கன்னு சார் எவ்வளவோ சொன்னாரு, எழுதித் தர்றேன்னாரு. ரங்கன் மூப்பன் தலையை ஆட்டிட்டாரு. காட்டுக்குள்ள வேற எங்கயோ வெச்சிருக்காங்க. எங்கன்னு கேக்காதீங்க. போன மாசம்கூட டி.வி.க்காரங்க வந்து கேட்டாங்க. அந்த மண்ணுல பொறந்தவன்தான், எனக்கே தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சார் மாத்தலாகிப் போனாரு. போறப்ப என்கிட்டச் சொல்லிக்கல.

என்னை ஒதுக்கி வெச்சாங்களான்னா, அதெல்லாம் இல்ல. பஞ்சாயத்து வெப்பானுக, அடிக்க வருவானுகன்னு ஒரு மாசம் விசிலை வாயிலயே வெச்சிருந்தேன். ஒருத்தன் வரல. ஒரு வார்த்தை யாரும் திட்டல. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். சொல்றதுக்கு எவ்வளவோ வெச்சிருந்தேன். திட்டக்கூடத் தெரியாத சனம்.

போன தையில ரங்கன் மூப்பன் செத்துட்டாரு. காட்டிலாகா கார்டு ஒருத்தரு சொல்லித்தான் தெரியும். என்ன ஆனாலும் சொந்தம், போகணும்ல? யூனிபாரத்தைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு, மாலை ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போனேன். புதைச்சு முடிச்சு, ஆத்துல இருந்து கல்லும் எடுத்துட்டு வந்துட்டாங்க. மூப்பனோட மகன் மடியில கட்டிட்டுக் கிளம்பி நிக்கிறான். நான் போய்ச் சேந்தது அந்த நேரத்துக்கு. சரி, நானும் கூடவே நடக்கலாம்னு செருப்பைச் சரிபண்றேன். அத்தனை பேரும் அப்படியே உக்காந்துட்டாங்க.

பதியில மொத்தமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நஞ்சி அதைக் கொண்டாந்து, முந்தானையால துடைச்சு, மரத்தடியில போட்டா. "உக்காருங்க சார்"ன்னா. எனக்கு மட்டும் கண்ணாடி கிளாசுல தேத்தண்ணி. மத்தவங்கெல்லாம் தரையில. குடிச்சு முடிச்சேன். இன்னொரு கிளாஸ் குடுத்தாங்க. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மூப்பன் மகன் கல்லோட உக்காந்திருக்கான், எந்திரிக்கவே மாட்டேங்கிறான். நான் இருக்கிறப்ப என்னை விட்டுட்டு எப்படிக் கிளம்புறதுன்னு தயக்கம். பெரிய ஆளு வந்திருந்தா இவங்க இப்படித்தான்.

கடைசியில நானே எந்திரிச்சேன். நஞ்சி வேலி வரைக்கும் கூட வந்தா. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவளுக்கு. "ஆனை நடமாட்டம் இருக்குதுங்க சார். இந்தப் பக்கம் வராதீங்க. ரோட்டு வழியாவே போயிருங்க"ன்னா. எவ்வளவு அக்கறை பாருங்க.

திருப்பத்துல நின்னு திரும்பிப் பாத்தேன். எல்லாரும் எந்திரிச்சு, வரிசையா, மலையைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நஞ்சி கடைசியில போறா. கை தட்டிக் கூப்பிட்டேன். காதுல விழல போல.

என்னவோ போங்க. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி "வாடா மசணா"ன்னு கூப்பிட்ட சனம். இன்னிக்கு நாற்காலி போடுது, கண்ணாடி கிளாசு நீட்டுது, சார்ங்குது. கூடப் பொறந்தவளே வாங்க போங்கன்னு பேசுறா. மரியாதைன்னா என்னன்னு ஒரு வழியா அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு மேடம்.